அக்காவுக்குப் பதினைந்து, தங்கைக்குப் பன்னிரண்டு: தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் ஜப்பான் காலம்

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ஜப்பான் காலத்தை, அதாவது 1941 முதல் 1945 வரை மலாயா ஜப்பான் பிடியில் இருந்த காலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கதைகள்தான் முதலில் வரும். ஒன்று சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில், இன்னொன்று நேதாஜியின் படை. இரண்டும் பெரிய கதைகள், இன்னும் நிறையப் பேசப்பட வேண்டிய கதைகள். ஆனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்த பெண்பிள்ளைகள் அந்த மூன்றரை வருடம் எப்படி வளர்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் "மரவள்ளிக்கிழங்குதான் சோறு" என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

என் பாட்டியும் அவர் தங்கையும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ஜப்பான்காரன் வந்தபோது பாட்டிக்கு 15 வயது, சின்னப் பாட்டிக்கு 12. ஒரே லயம், ஒரே அடுப்பு, ஒரே அப்பா அம்மா. ஆனாலும் இருவரும் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர்கள் பார்த்தது ஒரே போர் என்று நம்புவது கஷ்டம். பாட்டியின் கதையில் பயமும் கல்யாணமும் இருக்கும். சின்னப் பாட்டியின் கதை முழுக்கப் பசி, வேலை, மறுபடியும் பசி. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன், கடைசியில் எனக்குப் புரிந்தது இதுதான்: அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை அவள் வயதே முடிவு செய்தது. நடுவில் இருந்த அந்த மூன்று வருட வித்தியாசம் அக்காவை ஒரு பக்கமும் தங்கையை இன்னொரு பக்கமும் தள்ளிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ளப் போருக்கு முந்தைய தோட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. அதற்கு முன்னால் வந்தவர்கள் இங்கேயே குடும்பமாகத் தங்கினார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் 1941இல் பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயதில் இருந்தார்கள். லயத்திலேயே பிறந்து, ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, பால்மரக் காட்டைத் தவிர வேறு ஊர் பார்க்காத முதல் பெரிய தலைமுறை அது. ஊரில் தாத்தா பாட்டி இருந்தார்கள், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம். ஆபத்து வந்தால் பெண்பிள்ளையை அனுப்பி வைக்கச் சொந்தக்காரர் வீடு என்று ஒன்று கிடையாது.

பெண்பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதும் ஜப்பான்காரனோடு வந்து இறங்கியதல்ல. தோட்டத்தில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி எழுதிய காலம் அது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, சிப்பாய்களைக் கொண்டுவந்து சுட்டு அடக்கினார்கள், தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்கள். அந்தத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்திருக்கிறீர்களா? கூலி உயர்வு மட்டுமல்ல. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், எங்கள் பெண்களிடம் துரைமார்களும் கிராணிமார்களும் (தோட்ட ஆப்பீஸ் எழுத்தர்கள்) கைவைக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. ஆகவே பெண்பிள்ளையைக் கிராணி கண்ணில் படாமல் வளர்ப்பது தோட்டத்துத் தாய்மார்களுக்குப் பழகிப்போன வேலை. ஜப்பான்காரன் வந்ததும் அந்தப் பயத்துக்குக் கையில் துப்பாக்கியும் கிடைத்துவிட்டது.

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பான் படை இறங்கியது. டிசம்பர் முடிவதற்குள் ஈப்போ போய்விட்டது, 1942 ஜனவரி 11 கோலாலம்பூர், பிப்ரவரி 15 சிங்கப்பூர். சுங்கை சிப்புட் கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவே பெரிய சடக்கின் (நெடுஞ்சாலையின்) மேலேயே இருக்கிற ஊர், ரயில் பாதையும் அதன் வழியாகத்தான் போகிறது, அதனால் பின்வாங்கிய படையும் துரத்தி வந்த படையும் அந்த வழியாகவே போயின. துரைமார் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போனால் பேர் கூப்பிட ஆளில்லை என்பார் பாட்டி.

அந்த வாரத்தில்தான் பாட்டியின் அப்பா ஒரு காரியம் செய்தார். யாராவது கேட்டால் இரண்டு பேருக்கும் 12 வயது, இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லச் சொல்லிவிட்டார். பாட்டியின் தலைமுடியைக் கத்தரித்து, தம்பியின் கால்சட்டையைப் போட்டு, அடுப்புக்கரியைக் கன்னத்தில் பூசி உட்கார வைத்தார்கள். இப்படி முடியை வெட்டியது, கரி பூசியது எல்லாம் அந்தக் காலத்து மலாயாவில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பாட்டி 1941 தொடக்கத்திலேயே வயதுக்கு வந்துவிட்டார், லயத்து வழக்கப்படி தென்னோலைக் குச்சு கட்டி, மாமன் சீர் வைத்து, மஞ்சள் நீராட்டு நடத்தி, மூன்று லயத்துக்கும் சாப்பாடு போட்டாகிவிட்டது. எங்கள் வீட்டில் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று ஊருக்கே சொல்வதற்குத்தானே அந்தச் சடங்கு? ஒரே வருடத்தில் அதே ஊர் அதை மறக்க வேண்டியதாயிற்று. பாட்டிக்கு வயது 12 என்ற பொய் நிற்க வேண்டுமானால், குச்சுக்கு ஓலை கொண்டுவந்தவர், ஆரத்தி எடுத்தவர், சாப்பிட்டுப் போனவர் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். லயத்து வாழ்க்கையில் சண்டை சச்சரவு, குடி, பொறாமை எல்லாம் இருந்தது, நான் மறுக்கவில்லை, ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஜப்பான் ராணுவம் கோலாலம்பூர், பினாங்கு போன்ற நகரங்களில் பெண்களை அடைத்து வைத்த விடுதிகளை நடத்தியது, அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தோட்டத்துப் பெண்களில் யாருக்கு என்ன நடந்தது என்பது பெரும்பாலும் பேசப்படாமலே போய்விட்டது. பேசினால் பெண்ணுக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அக்காவின் பெயரில் ஒரு சொல் விழுந்தாலும் அதைச் சுமக்கப் போவது தங்கையும்தான்.

சரி, பசிக்கு வருவோம். போருக்கு முன்பு மலாயா சாப்பிட்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. நல்ல நிலமெல்லாம் ரப்பருக்கு, அரிசி வெளியிலிருந்து என்பதுதான் வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. போர் வந்ததும் இரண்டு பக்கமும் அறுந்தது. ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் பிரிட்டனும் இப்போது எதிரி நாடுகள், ஜப்பானுக்குத் தேவைப்பட்டதோ மலாயா தந்த பாலில் ஒரு சிறு பங்கு. மரம் சீவிப் பால் எடுக்க ஆளைக் குறைத்தார்கள், கூலி நின்றது, கப்பல் இல்லாமல் அரிசியும் நின்றது. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போனது. லயத்துக்குப் பின்னால் இருந்த இடமெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஆயிற்று.

மரவள்ளி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அதில் மாவுச்சத்துதான் இருக்கிறது, புரதம் மிகக் குறைவு. கால் வீங்குவது, புண் ஆறாமல் புரையோடுவது எல்லாம் அதனால் வந்தது. அதோடு மலேரியா வேறு. போருக்கு முன்பு தோட்டங்களில் கால்வாய்க்கு எண்ணெய் தெளித்து, கொய்னா கொடுத்து ஓரளவு கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள், அந்த வேலைகள் நின்றதும் காய்ச்சல் லயம் லயமாகப் பரவியது. இதில் வளர்கிற வயதுப் பெண்ணின் உடம்பு பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பாடு போதாத உடம்பில் மாதவிலக்கு நின்றுவிடும், இன்னும் வயதுக்கு வராதவளுக்கு அது தள்ளிப்போகும், மருத்துவம் இதை நன்றாக அறியும். சின்னப் பாட்டி 1945இல்தான் வயதுக்கு வந்தார். குச்சும் இல்லை, மஞ்சள் தண்ணியும் இல்லை, அம்மா கோணிச்சாக்கைக் கிழித்துத் துவைத்துக் கொடுத்ததோடு சரி.

துணி இன்னொரு பெரிய கஷ்டம். வெளியிலிருந்து வந்த துணி நின்றதும் 1943, 44வாக்கில் இருப்பதெல்லாம் நைந்துபோயிற்று. சின்னப் பாட்டிக்கும் அவர் அம்மாவுக்கும் ஒரே சேலை. அம்மா வெளியே போனால் இவர் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால், இவர் போனால் அம்மா உள்ளே. வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு உடுத்த முழுத்துணி இல்லாமல் இருப்பது என்ன என்பதை நான் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதைச் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

கடிகாரத்தைக்கூட மாற்றினார்கள். 1942 பிப்ரவரியிலிருந்து தோக்கியோ நேரம்தான் இங்கேயும், ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாயிற்று, கடிகாரத்தில் எட்டு அடித்த பிறகுதான் சூரியனே தெரியும். திறந்திருந்த பள்ளிகளில் ஜப்பான் பாட்டும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். சின்னப் பாட்டி கொஞ்ச நாள் போனார், தொண்ணூறு வயதை நெருங்கியபோதும் ஜப்பான் மொழியில் பத்து வரை எண்ணுவார், ஆனால் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது.

அப்புறம் வந்தது சயாம். ஜப்பான் ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை, சயாமிலிருந்து பர்மாவுக்கு, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல், அவர்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் அந்தக் கைதிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். போனவர்கள் திரும்பாததும் யாரும் முன்வரவில்லை. அப்புறம் லாரி தோட்டத்துக்குள்ளேயே வந்தது. இத்தனை ஆள் வேண்டும் என்று கணக்கு வரும், யார் என்று முடிவு செய்வது தோட்ட ஆப்பீஸ். பெயர்ப்புத்தகம் யார் கையில் இருந்ததோ அவர் கையில் உயிரும் இருந்தது.

பாட்டியின் கல்யாணம் இந்த இடத்தில்தான் வருகிறது. அடுத்த லாரியில் தன் பெயர் இருக்கும் என்று தெரிந்ததும் அவர் அப்பா மூன்றே வாரத்தில் வேறு தோட்டத்துப் பையனுக்குப் பாட்டியைக் கட்டிவைத்தார். 1943, பாட்டிக்கு 16 வயது. மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு, மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து விருந்து. இந்த மாதிரிக் கல்யாணங்கள் அப்போது ஊரெல்லாம் நடந்தன, இன்றைக்கு அதைப் பெற்றோரின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டில் ஆம்பளை இல்லாமல் போகப் போகிறது, பெரிய பெண் இருக்கிறாள், காவலுக்கு ஒருவன் வேண்டும், சட்டமோ போலீஸோ உறவோ எதுவும் கிடையாது. அந்தத் தகப்பன் கையில் மிச்சமிருந்தது அந்தக் கயிறு ஒன்றுதான். பாட்டி அதற்காக அவரை ஒரு நாளும் நொந்துகொண்டதில்லை. அந்த அப்பா அடுத்த மாதம் சயாமுக்குப் போனார், திரும்பி வரவில்லை.

அக்காவும் போய், அப்பாவும் போன அந்த வீட்டில் சின்னப் பாட்டிக்கு 13 வயது. அக்கா இருந்தவரை அவர் சின்னப் பிள்ளை. இப்போது தம்பிக்கு அவர்தான் அக்கா. வேலைக்குப் போகிற பெயருக்குத்தான் அரிசி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அவர் அம்மா ஆப்பீஸில் போய் மகளுக்கு 15 வயது என்று எழுதச் சொன்னார். அக்காவுக்கு வயதைக் குறைத்ததுபோல் தங்கைக்குக் கூட்டியாயிற்று, இரண்டும் காப்பாற்றத்தான். மரவள்ளி நடுவது, புல் வெட்டுவது, விறகு சுமப்பது எல்லாம் அன்றிலிருந்து அவர் வேலை.

இதே 1943இல்தான் இன்னொரு கதவும் திறந்தது. ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார், அக்டோபர் 22 அன்று அவர் படையின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கே தொடங்கியது, தலைமை சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் இந்தியாவையே பார்த்திராத மலாயாப் பிள்ளைகள், தோட்டத்திலிருந்து போனவர்கள் நிறையப் பேர். அந்தப் படையில் அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்தவர்களும் உண்டு, சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ஊரான ஈப்போவிலிருந்து போன பொன்னம்மாவும் ராசம்மாவும் அப்படிப்பட்டவர்கள், ராசம்மாவுக்கு அப்போது 16 வயது. பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று நாடறிந்த ஆசிரியை ஆனார், 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வேண்டும் என்று போராடினார்.

ஏன் போனார்கள் என்பதற்கு நாட்டுப்பற்று என்ற ஒரே பதிலைச் சொல்வது அந்தப் பெண்களுக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் எண்ணம். பற்று இருந்தது, உண்மை. அதோடு, பயந்து ஒளிந்து கிடந்த வயதில் பகலில் நிமிர்ந்து நடக்க ஓர் இடம் கிடைத்தது. முழு உடை, பூட்ஸ், வேளைக்குச் சாப்பாடு, கையில் துப்பாக்கி, எழுத்து படிப்பு. வீட்டில் பயத்துக்காக வெட்டிய முடியை முகாமில் சிப்பாய் என்பதற்காக வெட்டினார்கள், ஒரே கத்தரிக்கோல்தான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு வேறாக இருந்திருக்கும்! இதிலும் வயதும் வீட்டு நிலைமையும் குறுக்கே வந்தன. கல்யாணமாகாதவள் என்றால் அப்பாவின் சம்மதம், ஆனவள் என்றால் புருஷனின் சம்மதம் வேண்டும். படையில் சேர ஆள் கேட்டு எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்களாம். பாட்டிக்கு அதற்குள் கல்யாணம் முடிந்து கர்ப்பம், சின்னப் பாட்டிக்கு வயது போதவில்லை, சம்மதம் சொல்ல அப்பாவும் இல்லை. ஆப்பீஸ் கணக்கில் 15 என்றிருந்தும் வந்தவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ நல்லா சாப்பிட்டு வளரும்மா" என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமானது. காட்டிலிருந்து மூன்று நட்சத்திரத் தொப்பிக்காரர்கள், ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள், வந்தார்கள், அப்புறம் வெள்ளைக்காரன் திரும்பினான், பிரட்டு மறுபடி தொடங்கியது. மலாயாவின் 1947 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியர் எண்ணிக்கை 1931இல் இருந்ததைவிடக் குறைவு. முப்பதுகளில் ரப்பர் விலை விழுந்தபோது ஊருக்கு அனுப்பப்பட்டவர்களும் அதில் அடக்கம் என்றாலும், சயாமும் பசியும் மலேரியாவும் தின்றது அதில் பெரும் பங்கு. ஆண்கள் குறைந்த லயங்களில் வாளியும் உளியுமாக மரத்தடியில் நின்றவர்கள் இந்தப் பெண்பிள்ளைகள்தான்.

சுங்கை சிப்புட்டில் அமைதி மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை. 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அந்த வாரத்திலேயே மலாயா முழுவதும் அவசரகாலம். அதோடு வந்ததுதான் அடையாள அட்டை, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் பிடித்துக் கைரேகை வைத்து எடுத்தாக வேண்டும். பிறப்புப் பத்திரம் எதுவும் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. சின்னப் பாட்டிக்குத் தோட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள், 1943இல் 15 என்றால் இப்போது 20. பாட்டியின் முறை வேறு தோட்டத்தில், வேறு மேசையில் வந்தது. சீருடை போட்டவன் வயது கேட்டதும், அவருக்கு அப்பா சொல்லிக்கொடுத்ததுதான் வாயில் வந்ததாம். ஜப்பான்காரன் வந்தப்போ பன்னெண்டு ஐயா. எழுதுகிறவர் ஆறைக் கூட்டி 18 என்று போட்டார், இடுப்பில் நாலு வயதுப் பிள்ளை இருந்ததை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பாட்டி கடைசிவரை தன் தங்கையைவிட இரண்டு வயது இளையவராகவே அந்த அட்டையில் இருந்தார்.